மின்னணுக் கருவிகளைப் பட்டறையில் வடிவமைத்துக் கட்டக் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதிலிருந்து தொடங்குவது?

குறைந்த மின்னழுத்தத்தில் இயங்குகிற, முழுமையாகச் செய்து முடிக்கக்கூடிய ஒரு சிறு கருவியிலிருந்து தொடங்குங்கள். நான் பரிந்துரைப்பது, 12 வோல்ட் தரும் மூடிய அடாப்டரிலிருந்து மின்சாரம் பெற்று, சீரான 5 வோல்ட்டை 0.5 ஆம்பியர் வரை வழங்கும் ஒரு மின்வழங்கி. பார்வைக்கு மிக எளியதாக இருந்தாலும், வெப்பம், சுமை, மின்தேக்கியின் துருவம், ஃபியூஸ், பெட்டி என்று பின்னால் எல்லாக் கருவிகளிலும் எதிர்ப்படப்போகும் விஷயங்கள் அனைத்தையும் அது தொட்டுவிடுகிறது.

முதல் நாளிலிருந்தே ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்: எந்த இடத்தில் மீட்டரை வைப்பதற்கு முன்னும், அங்கே என்ன அளவு வர வேண்டும் என்று கணித்துக் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். கணித்ததும் அளந்ததும் ஒத்துப்போனால் அந்தச் சுற்று உங்களுக்குப் புரிந்திருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால், அந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடுகிற நேரத்தில்தான் உண்மையான படிப்பு நடக்கிறது. வரைபடத்தைப் பார்த்துப் பாகங்களைப் பொருத்தினால் கை பழகும். வடிவமைப்பைக் கற்றுத்தருவது இந்த ஒப்பீடுதான்.

எவ்வளவு கணிதம் தெரிந்திருக்க வேண்டும்?

முதல் சில மாதங்களுக்கு ஓம் விதி, கிர்ச்சாஃபின் இரு விதிகள், திறன் கணக்கு ஆகியவை போதும். 5 வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்இடியை எரிய வைப்பதை எடுத்துக்கொள்வோம். எல்இடியின் குறுக்கே ஏறத்தாழ 2 வோல்ட் விழும். மீதி 3 வோல்ட் மின்தடையில் விழ வேண்டும். 10 மில்லிஆம்பியர் ஓட வேண்டுமானால் 300 ஓம் தேவை. வழக்கமான வரிசையில் 270-க்கு அடுத்து 330 ஓம்தான் இருக்கிறது என்பதால் அதையே எடுக்கிறோம். மின்னோட்டம் சுமார் 9 மில்லிஆம்பியராகும். இப்போது அந்த மின்தடையின் குறுக்கே 3 வோல்ட்டை ஒட்டிய அளவு வர வேண்டும். 2.6 வோல்ட்தான் வருகிறதென்றால், எல்இடியில் எதிர்பார்த்ததைவிட அதிகம் விழுகிறதா, அல்லது மின்வழங்கியே 5 வோல்ட்டைத் தரவில்லையா என்று அடுத்த இரண்டு அளவீடுகளில் தெரிந்துவிடும்.

மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்து தரும் கால மாறிலி, டெசிபல் கணக்கு, கலப்பெண்கள் ஆகியவை வடிகட்டிகளையும் பெருக்கிகளையும் கட்டும்போது தேவைப்படும். தேவை எழும் இடத்தில் கற்றால் அவை மனத்தில் நிற்கும்.

முதலில் எந்தெந்தக் கருவிகளை வாங்க வேண்டும்?

நம்பகமான டிஜிட்டல் மல்டிமீட்டர், வெப்பக் கட்டுப்பாடுள்ள சால்டரிங் அயர்ன், கம்பி நறுக்கும் கட்டர், கூர்மூக்குக் குறடு, சால்டரை உறிஞ்சி எடுக்கும் பம்பு அல்லது செப்புப் பின்னல், பற்றவைக்காமலே பாகங்களைச் செருகி இணைக்க உதவும் பிரெட்போர்டு ஆகியவை முதலில் வேண்டும். அடுத்து வாங்க வேண்டியது, மின்னோட்ட வரம்பை அமைக்கக்கூடிய மேசை மின்வழங்கி. பலர் அதற்கு முன்பே, மின்னழுத்தம் காலத்தோடு மாறுவதைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பை வாங்கிவிடுகிறார்கள். என் கருத்தில் அந்த வரிசை தவறானது. மின்னோட்ட வரம்பு எத்தனையோ பாகங்களைக் கருகாமல் காப்பாற்றும்.

மல்டிமீட்டரைப் பற்றி இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, மின்னோட்டம் அளக்கும் துளையில் கம்பியைச் செருகியிருக்கும்போது மீட்டரின் உட்தடை மிகக் குறைவு. அந்த நிலையில் மறதியாக ஒரு மின்வழங்கியின் குறுக்கே வைத்தால் அது குறுக்குச்சுற்று. மீட்டரின் ஃபியூஸ் போவதோடு நின்றால் நல்லது. மின்னோட்டம் அளந்து முடித்த கையோடு கம்பியை மின்னழுத்தத் துளைக்கு மாற்றிவிடுங்கள். இரண்டாவது, மின்னழுத்தம் அளக்கும்போதும் மீட்டர் சுற்றின் ஒரு பாகமாகிவிடுகிறது. 5 வோல்ட்டின் குறுக்கே இரண்டு 1 மெகாஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்தால் நடுப்புள்ளியில் 2.5 வோல்ட் இருக்க வேண்டும். பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களின் உள்ளீட்டுத் தடை 10 மெகாஓம் என்பதால், நீங்கள் காண்பது ஏறத்தாழ 2.38 வோல்ட்டாக இருக்கும். மின்தடைகளில் குறையில்லை, அளக்கும் செயலே அளவை மாற்றிவிட்டது.

நல்ல பற்றவைப்பை எப்படி அடையாளம் காண்பது?

ஒரு மின்தடையின் கால், பலகையின் துளை வழியே வெளிவந்து, வட்டமான செப்புத் திட்டின் நடுவே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அயர்னின் நுனி காலையும் திட்டையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு விநாடி கழித்து, நுனிக்கு எதிர்ப்புறத்திலிருந்து சால்டர் கம்பியைக் காலும் திட்டும் சேரும் இடத்தில் வையுங்கள். அந்த இடம் போதுமான சூட்டில் இருந்தால் சால்டர் தானாக உருகி, காலைச் சுற்றி ஓடித் திட்டின் விளிம்புவரை பரவும். முதலில் சால்டர் கம்பியையும், பிறகு அயர்னையும் எடுங்கள். சால்டர் உறையும்வரை பாகம் அசையக் கூடாது. எல்லாம் மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும்.

உருவான இணைப்பு, காலின் மேற்பகுதியிலிருந்து உட்குழிந்து சரிந்து, திட்டின் ஓரத்தில் மெலிந்து முடிய வேண்டும். முத்துப்போல் உருண்டு நின்றால் திட்டு சூடாகவில்லை, அல்லது அதன் மேல் ஆக்சைடு படிந்திருக்கிறது. அயர்னில் சால்டரை உருக்கி எடுத்துவந்து இணைப்பின் மேல் பூசுவதும் இத்தகைய இணைப்பையே தரும். கம்பிக்குள் இருக்கும் ஃபிளக்ஸ், திட்டைச் சுத்தம் செய்வதற்கு முன்பே நுனியில் எரிந்துபோய்விடுகிறது.

63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயமில்லாத வழக்கமான கலவை 217 டிகிரியை ஒட்டி உருகும். நுனி வெப்பத்தை முதல் வகைக்கு 320 டிகிரி அளவிலும், இரண்டாவதற்கு 350 டிகிரி அளவிலும் வைத்துத் தொடங்கலாம். ஈயமில்லாத சால்டர் உறைந்த பின் சற்று மங்கலாகத் தெரிவது இயல்பு.

பற்றவைக்கும்போது எழும் புகை கெடுதலானதா?

ஆம், அதை நேராகச் சுவாசிக்கக் கூடாது. அது ஃபிளக்ஸின் புகை. கண்ணையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும், தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமாவை வரவழைக்கவும் கூடும். ஈயம் அந்த வெப்பநிலையில் குறிப்பிடத்தக்க அளவில் ஆவியாவதில்லை; கையில் ஒட்டி வாய்க்குள் போவதே அதன் ஆபத்து. காற்றோட்டம் வேண்டும், மேசையில் உணவு கூடாது, வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். நறுக்கப்படும் கால்கள் தெறித்துக் கண்ணில் படக்கூடும் என்பதால் கண்ணாடி அணியுங்கள்.

தரவுத்தாளில் எதைப் படிப்பது?

ஒரு பாகத்தைப் பற்றித் தயாரிப்பாளர் வெளியிடும் விவரத் தாளே தரவுத்தாள். அதில் முதலில் இரண்டு அட்டவணைகளைப் பிரித்தறியக் கற்க வேண்டும். ஒன்று, மீறினால் பாகம் சேதமடையக்கூடிய உச்ச வரம்புகள். மற்றொன்று, பாகம் சரியாக இயங்கும் என்று தயாரிப்பாளர் உறுதியளிக்கும் நிலைகள். வடிவமைப்பு இரண்டாவதற்குள்தான் நடக்க வேண்டும். வழக்கமான மதிப்பு என்ற நிரலைவிடக் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற நிரல்களையே நம்புங்கள். உங்கள் கைக்கு வரும் பாகம் அந்த எல்லைகளுக்குள் எங்கும் இருக்கலாம்.

நாம் பேசிய மின்வழங்கியில் 7805 என்ற சீராக்கி ஐசியை (மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும் சில்லு) பயன்படுத்துவதாகக் கொள்வோம். அதன் வெளியீடு அறை வெப்பநிலையில் 4.8 முதல் 5.2 வோல்ட்வரை இருக்கலாம் என்று தரவுத்தாள் சொல்கிறது, எனவே 4.9 வோல்ட்டைக் கண்டு கவலைப்பட வேண்டாம். உள்ளீடு வெளியீட்டைவிட ஏறத்தாழ 2 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். 12 வோல்ட் அடாப்டர் அதை எளிதில் நிறைவேற்றுகிறது. ஆனால் அந்தக் கூடுதலே வெப்பமாகிறது. 12-க்கும் 5-க்கும் இடையிலுள்ள 7 வோல்ட்டை 0.5 ஆம்பியரால் பெருக்கினால் 3.5 வாட். ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாத இத்தகைய ஐசியின் உட்சந்தி (உள்ளே இருக்கும் சிலிக்கான் பகுதி) ஒவ்வொரு வாட்டுக்கும் சுமார் 65 டிகிரி சூடேறும். அப்படியானால் சுற்றுப்புறத்தைவிட 227 டிகிரி கூடுதலாக வேண்டும். அனுமதிக்கப்பட்டதோ 125 டிகிரி. நடைமுறையில் ஐசிக்குள் இருக்கும் வெப்பப் பாதுகாப்பு குறுக்கிட்டு வெளியீட்டைக் குறைத்துவிடும். ஆறியதும் மீண்டும் தரும். சுமையாக இணைத்த விளக்கு காரணமில்லாமல் மங்குவதும் ஒளிர்வதுமாக இருப்பதைக் கண்டு இணைப்பில் குறை தேடுபவர்கள் பலர்.

தீர்வும் அதே தாளில் இருக்கிறது. பெட்டிக்குள் 40 டிகிரி என்று கொண்டால், சந்தி 125 டிகிரிவரை போகலாம் என்பதால் 85 டிகிரி இடைவெளி உண்டு. அதை 3.5 வாட்டால் வகுத்தால் வாட்டுக்கு 24 டிகிரி. சந்தியிலிருந்து ஐசியின் உலோகப் பின்புறம்வரை சுமார் 5 டிகிரி, அங்கிருந்து ஹீட் சிங்குவரை 1 டிகிரி கழித்தால் 18 டிகிரி மிஞ்சுகிறது. எல்லையில் நிற்கக் கூடாது என்பதால், வாட்டுக்கு 10 முதல் 12 டிகிரி என்று குறிக்கப்பட்ட ஹீட் சிங்கைத் தேர்ந்தெடுங்கள். அல்லது 9 வோல்ட் அடாப்டருக்கு மாறினால் வெப்பம் 2 வாட்டாகக் குறையும். எது சிறந்தது என்று முடிவெடுப்பதுதான் வடிவமைப்பு.

ஒரு கருவியை எந்த வரிசையில் வடிவமைப்பது?

பாகங்களைத் தேடுவதற்கு முன், கருவி என்ன செய்ய வேண்டும் என்பதை எண்களில் எழுதுங்கள். “நல்ல மின்வழங்கி” என்று எழுதினால் அதைக் கட்டி முடித்தீர்களா என்பதை ஒருபோதும் சரிபார்க்க முடியாது, “0 முதல் 0.5 ஆம்பியர்வரை எந்தச் சுமையிலும் 4.8-க்கும் 5.2-க்கும் இடையே” என்று எழுதினால் முடியும். பிறகு வேலைகளைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள் என்ன நுழைகிறது, என்ன வெளியேறுகிறது என்பதைக் குறித்து, கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வாருங்கள். சுமைக்கு எவ்வளவு தேவை என்பதை அறியாமல் அதற்கு முந்தைய கட்டத்தைத் தீர்மானிக்க முடியாது. மின்தடைகளை அவற்றின் திறன் வரம்பில் பாதிக்குள்ளும், மின்தேக்கிகளை அவற்றின் மின்னழுத்த வரம்புக்கு நன்றாகக் கீழேயும் இயக்குவது நல்ல வழக்கம்.

கணினியில் சிமுலேஷன் செய்தால் போதாதா?

சுற்றுகளைக் கணினியில் ஆராயும் ஸ்பைஸ் என்ற நிரல் 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது; இன்று இலவசமாகக் கிடைக்கும் பல நிரல்கள் அதன் வழிவந்தவை. ஒரு மதிப்பை மாற்றினால் என்ன ஆகும் என்று விரைவாகப் பார்க்க அவை மிகவும் உதவுகின்றன. எனினும் வரைபடத்தில் நீங்கள் போடாத கம்பித் தடையும், தளர்ந்த இணைப்பும், ஹீட் சிங்கின் சூடும் அதில் தோன்றப்போவதில்லை. கணிப்பை எழுதும் வேலைக்கு அதைப் பயன்படுத்துங்கள். அளவீட்டுக்குப் பதிலாக வேண்டாம்.

மைக்ரோகன்ட்ரோலர் வந்துவிட்ட பிறகும் அனலாக் சுற்றுகளைக் கற்க வேண்டுமா?

கட்டாயம் கற்க வேண்டும். நிரலால் இயங்கும் சிறு கணினிச் சில்லான மைக்ரோகன்ட்ரோலர் வெளியுலகைத் தொடும் ஒவ்வொரு முனையும் அனலாக் சுற்றுதான். 12 வோல்ட் ரிலே (சுருளில் மின்னோட்டம் ஓடினால் இயங்கும் சுவிட்சு) ஒன்றை இயக்குவதைப் பார்ப்போம். அதன் சுருளின் தடை 400 ஓம் என்றால் 30 மில்லிஆம்பியர் தேவை; மைக்ரோகன்ட்ரோலரின் கால் 12 வோல்ட்டைத் தாங்காது, இத்தனை மின்னோட்டத்தைத் தொடர்ந்து தருவதும் அதற்கு நல்லதல்ல. எனவே இடையில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். பிசி547 என்ற டிரான்சிஸ்டர் 100 மில்லிஆம்பியர்வரை தாங்கும். அது முழுமையாகத் திறந்து நிற்க, அடிவாய்க்கு (அதைக் கட்டுப்படுத்தும் பேஸ் காலுக்கு) ஒரு மின்தடை வழியே 1.5 மில்லிஆம்பியர் தரலாம். 5 வோல்ட்டிலிருந்து அடிவாயில் விழும் 0.7 வோல்ட்டைக் கழித்து 1.5 மில்லிஆம்பியரால் வகுத்தால் 2.87 கிலோஓம், கிடைப்பது 2.7 கிலோஓம்.

இவ்வளவும் சரியாக இருந்தும், ரிலே அணையும் ஒவ்வொரு முறையும் மைக்ரோகன்ட்ரோலர் தொடக்கத்துக்குப் போய்விடுவதாகப் பலர் கேட்கிறார்கள். நிரலை எத்தனை முறை படித்தாலும் அதில் பிழை கிடைக்காது. சுருளில் ஓடிய மின்னோட்டம் திடீரென்று நிற்க மறுத்து, டிரான்சிஸ்டரின் 45 வோல்ட் வரம்பைத் தாண்டிய மின்னழுத்தத்தை எழுப்புகிறது. சுருளின் குறுக்கே, கேத்தோடு 12 வோல்ட் பக்கம் இருக்குமாறு, 1என்4007 போன்ற ஒரு டையோடை இணைத்தால் அந்த மின்னோட்டம் அதன் வழியே சுற்றி அடங்கும். அதன் பிறகும் தொல்லை நீடித்தால், ரிலேயின் மின்னோட்டம் திரும்பும் அதே மெல்லிய கிரவுண்டு கம்பியை மைக்ரோகன்ட்ரோலரும் பகிர்ந்துகொள்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கம்பிகளை மின்வழங்கியின் முனைவரை கொண்டுபோக வேண்டும். ஐசியின் மின்சாரக் கால்களுக்கு மிக அருகில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.

பிரெட்போர்டிலிருந்து பிசிபிக்கு எப்போது மாறுவது?

பிசிபிக்கு, அதாவது செப்புத் தடங்கள் அச்சிட்ட பலகைக்கு, சுற்று எழுதிவைத்த எண்களை எட்டிய பிறகு மாறலாம். பிரெட்போர்டின் அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடையே சில பிகோஃபாரட் மின்தேக்கம் உண்டு. தொடர்பு முனைகளும் தளரும். அதனால் சில மெகாஹெர்ட்ஸுக்கு மேலும், ஆம்பியர் கணக்கான மின்னோட்டத்துக்கும் அது ஏற்றதல்ல. வீட்டு மின்சாரத்தை அதில் இணைக்கவே கூடாது.

பிசிபி வரைவதற்குக் கைகேட் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் போதுமானவை. வழக்கமான பலகை 1.6 மில்லிமீட்டர் தடிமனும், அதன் செப்புப் படலம் 35 மைக்ரோமீட்டர் தடிமனும் உடையவை. மின்னோட்டம் மிகும் தடங்களை அகலமாக வரைய வேண்டும் என்பதற்கு அந்த மெல்லிய படலமே காரணம். பலகையைச் செய்யக் கொடுப்பதற்கு முன், வரைபடத்தை உண்மை அளவில் காகிதத்தில் அச்சிட்டு, கையிலுள்ள பாகங்களை அதன் மேல் வைத்துப் பாருங்கள். கால்களின் இடைவெளி தவறு, கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பிய இணைப்பான், ஹீட் சிங்கை இடிக்கும் மின்தேக்கி ஆகியவை அந்தக் காகிதத்திலேயே அகப்பட்டுவிடும். அளந்து பார்க்க வேண்டிய புள்ளிகளில் மீட்டரின் முனை நிற்கும்படி சிறு திட்டுகளையும் விட்டுவையுங்கள்.

கட்டி முடித்ததும் முதன்முறை எப்படி மின்சாரம் கொடுப்பது?

முதலில் மின்சாரம் இல்லாமலே, பலகையின் நேர்முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே தடையை அளந்து குறுக்குச்சுற்று இல்லை என்று உறுதிசெய்யுங்கள். மின்பகு மின்தேக்கிகளின் துருவங்களையும், டையோடுகளின் கோடுகளையும் மற்றொருவரைக் கொண்டு சரிபார்க்கச் செய்தால் இன்னும் நல்லது. சாக்கெட்டில் பொருத்தும் ஐசிகளைப் பொருத்தாமல், மேசை மின்வழங்கியின் வரம்பை 50 மில்லிஆம்பியர் அளவில் வைத்து இயக்குங்கள். மின்னழுத்தம் சரிந்தால் உடனே அணைக்க வேண்டும். ஒவ்வொரு சாக்கெட்டிலும் மின்சாரக் கால்களை அளந்த பிறகே, அணைத்துவிட்டு ஐசிகளைச் செருகுங்கள்.

கருவி இயங்கவில்லை, எங்கே தேடுவது?

எப்போதும் மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள்: அடாப்டரில், ஃபியூஸுக்குப் பின், சீராக்கிக்குப் பின், ஐசியின் காலிலேயே. அது சரியென்றால், சுற்றின் நடுவில் ஒரு புள்ளியை அளந்து, கணித்த அளவோடு ஒப்பிடுங்கள். அங்கே சரியாக இருந்தால் குறை பின்பாதியில், இல்லையென்றால் முன்பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் பதினாறு கட்டங்கள் உள்ள சுற்றிலும் நான்கு அளவீடுகளில் இடம் தெரியும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். சந்தேகத்தின் பேரில் பாகங்களை வரிசையாகக் கழற்றி மாற்றுவது, பழைய குறையோடு புதிய குறைகளையும் சேர்த்துவிடும்.

ஆஸிலோஸ்கோப் எப்போது தேவை?

காலத்தோடு மாறும் சமிக்ஞைகளைக் கையாளத் தொடங்கியதும் தேவை. அதன் அலைவரிசை வரம்பில் சமிக்ஞை ஏறத்தாழ 70 விழுக்காடாகச் சுருங்கித் தெரியும். ஆகவே சதுர அலையின் அதிர்வெண்ணைவிடக் குறைந்தது ஐந்து மடங்கு வரம்புள்ள கருவி வேண்டும். சமிக்ஞையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துத் தரும் புரோபை (அளக்கும் முனையுள்ள கம்பி) பொருத்திய உடனே, கருவி தரும் சதுர அலையைப் பார்த்தபடி, மூலைகள் நேராகும்வரை புரோபின் சிறு திருகைச் சரிசெய்யுங்கள்.

புரோபின் கிரவுண்டு கிளிப், சுவரிலிருந்து மின்சாரம் பெறும் ஆஸிலோஸ்கோப்புகளில், பிளக்கின் வழியே எர்த்தோடு இணைந்திருக்கிறது. வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்புள்ள சுற்றில் அந்தக் கிளிப்பை மாட்டினால் பெரும் குறுக்குச்சுற்று ஏற்படும். அத்தகைய இடத்தில் மாட்டவே மாட்டாதீர்கள்.

வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் கருவியை எப்போது கட்டலாம்?

அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து சரிபார்க்கும்போது மட்டும் கட்டலாம். 230 வோல்ட் மாறுமின்னின் உச்சம் 325 வோல்ட். அதை நேர்மின்னாக்கிய பின் சேமித்துவைக்கும் மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதே அளவை வைத்திருக்கக்கூடும். மின்தடை வழியே வடித்து, மீட்டரால் அளந்து, பூஜ்யத்தை ஒட்டிவிட்டது என்று கண்ட பிறகே கை வைக்க வேண்டும். உலோகப் பெட்டியை எர்த்தோடு உறுதியாகத் திருக வேண்டும். ஃபியூஸ் லைன் கம்பியில் இருக்க வேண்டும். உள்ளே வரும் வயரை இழுத்தாலும் இணைப்பு கழலாதபடி பிடிப்பு வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி உயிர்காக்கும் ஏற்பாடு; ஆனால் லைனையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் தொட்டவரை அதனால் காப்பாற்ற முடியாது. தேவை இல்லாதவரை, மூடிய அடாப்டரை வாங்கிப் பயன்படுத்துவதே அறிவுடைமை.

பழைய கருவிகளைப் பழுதுபார்ப்பது வடிவமைப்பைக் கற்க உதவுமா?

மிகவும் உதவும். பலகையின் இரு பக்கங்களையும் படமெடுத்து, தடங்களைப் பின்தொடர்ந்து, சுற்றின் வரைபடத்தைக் காகிதத்தில் மீட்டு வரைந்து பாருங்கள். அதை வடிவமைத்தவர் எந்தப் பாகத்தை எதற்காக அங்கே வைத்தார் என்று தேடும்போது, வேறெங்கும் கிடைக்காத பாடம் கிடைக்கும். சுவரில் செருகும் கருவிகளுக்கு மேலே சொன்ன எச்சரிக்கைகள் எல்லாம் பொருந்தும் என்பதால், பேட்டரியில் இயங்கும் வானொலி, கால்குலேட்டர், பொம்மை ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் கெட்டுப்போகும் பாகங்கள் பெரும்பாலும் மின்பகு மின்தேக்கிகளும், சுவிட்சுகளும், இணைப்பான்களும்தான். மின்பகு மின்தேக்கியின் ஆயுள், இயங்கும் வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவான கணக்கு. பழுதான கருவியில் உப்பிய மின்தேக்கியைக் கண்டால், அதற்கு அருகில் சூடாகும் பாகம் எது என்று பாருங்கள். உங்கள் பலகையை வரையும்போது அந்த இரண்டையும் தள்ளி வையுங்கள்.